தோல் வாடைக்கும் கார்பன் தடத்துக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறேன். சுற்றிலும் டேனரிகள் இருப்பதால் எங்கள் ஊர்க்காரர்களின் ‘கார்பன் தடம்’ மற்றவர்களைவிட அதிகம் என்று என் மகள் சொல்கிறாள். உண்மைதானா? குறைக்க நாங்கள் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஆம்பூர்

பதில்: உங்கள் மகள் யோசிக்கிறாள், அதுவே மகிழ்ச்சி. ஆனால் அவள் இரண்டு கணக்குகளை ஒரே நோட்டில் எழுதிவிட்டாள். முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம்.

ஒருவருடைய வாழ்க்கைக்குத் தேவையான மின்சாரம், எரிபொருள், உணவு, பொருட்கள் ஆகியவற்றால் ஓராண்டில் காற்றில் சேரும் பசுங்குடில் வாயுக்களின் எடைதான் கார்பன் தடம். பூமியின் வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்துவைக்கும் வாயுக்களுக்குப் பசுங்குடில் வாயுக்கள் என்று பெயர். கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் அவற்றில் முக்கியமானவை.

கார்பன் டை ஆக்சைடுக்கு வாடையே கிடையாது. டேனரிப் பக்கம் மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவினுடையது. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சேர்க்கும் சோடியம் சல்பைடிலிருந்து அது வருகிறது. பாலாற்றைக் கெடுத்த உப்பும் குரோமியமும் மிகப் பெரிய கேடுகள்தான். 1996-ல் உச்ச நீதிமன்றமே தலையிட்டுத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அது நீர், நிலத்தின் கணக்கு. கார்பன் கணக்கு வேறு.

டேனரிக்கும் கார்பன் கணக்கு இல்லாமல் இல்லை. டிரம் சுற்ற மின்சாரம் வேண்டும். கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்க, கடைசியில் மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். அதற்கும் எரிபொருள் செலவாகிறது. அதற்காகச் சுத்திகரிப்பைக் கைவிட முடியாது. பச்சைத் தோலில் ஒட்டியிருக்கும் உப்பைக் கழுவுவதற்கு முன்பே உதறி எடுத்துவிட்டால், தண்ணீரில் சேரும் உப்பும் குறையும், அதை வற்றவைக்கும் செலவும் குறையும்.

இந்தக் கார்பன் யார் பெயரில் ஏறும்? தனிநபர் கணக்கில், பொருளைப் பயன்படுத்துபவர் பெயரில்தான். நீங்கள் தைக்கும் ஷூவை ஜெர்மனியில் ஒருவர் போட்டு நடந்தால் அது அவருடைய தடம். நீங்கள் வாங்கிப் போடும் செருப்புதான் உங்களுடையது. ஆகவே, தோல் ஊரில் வாழ்வதாலேயே உங்கள் தடம் கூடிவிடாது.

அப்படியானால் உங்கள் தடம் எங்கே இருக்கிறது? நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் என்றால் ஆண்டுக்கு 1,680 கிலோ. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 42 கிலோ. ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் என்றால் 336 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் பைக்கில் நாளுக்கு 30 கி.மீ. வீதம் 300 நாள் போனால் 414 கிலோ. ஆக, வீட்டுக்கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு கரண்ட்தான். அரசு தரும் இலவச 100 யூனிட்டுக்கும் இதே கார்பன் உண்டு.

எனவே குறைப்பதையும் அங்கிருந்தே தொடங்குங்கள். பழைய 1.5 டன் ஏசி ஓர் இரவில் 10 யூனிட் வரை இழுக்கும். அதாவது 7 கிலோ. பைக்கில் 150 கி.மீ. போனால் வெளியாகும் அளவு அது. ஏசியை 26 டிகிரியில் வைத்து, கூடவே மின்விசிறியையும் போடுங்கள். சாதாரண மின்விசிறி 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் உள்ளது 30 வாட் அளவில் முடித்துவிடும். சொந்தக் கூரை இருந்தால் சூரியத் தகடு பொருத்தலாம். மத்திய அரசின் ‘பிஎம் சூர்ய கர்’ திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது.

வேலைக்குக் கம்பெனி பஸ் வருகிறதென்றால் பைக்கை வீட்டிலேயே விடுங்கள். காட்பாடி–ஜோலார்பேட்டை ரயில் பாதை மின்மயமானது. வேலூர் போக அதுவே நல்ல வழி.

உணவில் ஒரு விஷயம். ஆடு, மாடுகள் அசைபோடும்போது மீத்தேன் வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 27 மடங்கு சூடேற்றும். ஆம்பூர்க்காரர்களைப் பிரியாணியை விடச் சொல்ல மாட்டேன். வாரம் தவறாமல் மட்டன் என்பதை, ஒரு வாரம் மட்டன், மறுவாரம் சிக்கன் என்று மாற்றினாலே பலன் உண்டு.

கடைசியாக, உங்கள் தொழிலுக்கே வருகிறேன். சிந்தெட்டிக் ஓட்டக் காலணி ஒரு ஜோடிக்குச் சுமார் 14 கிலோ கார்பன் என்று 2013-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதில் பெரும்பங்கு தயாரிப்பிலேயே வெளியாகிவிடுகிறது. எனவே தையல் விட்டால் தைத்து, சோல் தேய்ந்தால் மாற்றி, ஒரு ஜோடியை இன்னும் இரண்டு ஆண்டு போடுவதுதான் சிக்கனம். அதை உங்களைவிட நன்றாகச் செய்யத் தெரிந்தவர் யார்? அடுத்த கரண்ட் பில் வந்ததும் மகளை உட்காரவைத்து, யூனிட்டை 0.7-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டின் உண்மையான கணக்கு அங்கே தொடங்கும்.