தரவுத்தள மென்பொருளைப் புதுப்பித்தலும் அதற்கான முன்னேற்பாடுகளும்

ஒரு வியாபார ஸ்தாபனத்தின் விற்பனை, கொள்முதல், சரக்கு இருப்பு, சம்பளப் பட்டியல் ஆகிய கணக்குகள் இன்று பெரும்பாலும் பேரேடுகளில் அல்லாமல் கணினியில், தரவுத்தளமாக இருக்கின்றன. தரவுத்தளம் என்பது ஒழுங்குபடுத்தி அடுக்கப்பெற்ற பதிவுகளின் தொகுதி. பதிவுகளைச் சேர்ப்பதும், திருத்துவதும், வேண்டும்போது தேடித் தருவதும் தரவுத்தள மென்பொருளின் வேலையாகும். இம்மென்பொருளைப் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்பிற்கு மாற்றுமுன் செய்ய வேண்டியவை யாவை என்பதை, பரவலாக வழங்கும் போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

மாற்றம் ஏன் தேவை?

நன்றாக ஓடும் மென்பொருளை ஏன் மாற்ற வேண்டும் என்று சிலர் வினவலாம். போஸ்ட்கிரெஸின் முதன்மைப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலமே திருத்தங்கள் வெளியிடப்படுகின்றன. 2019 அக்டோபரில் வெளிவந்த 12ஆம் பதிப்பிற்கு 2024 நவம்பருடன் திருத்தங்கள் நின்றுவிட்டன. அதன்பின் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் அப்பதிப்பில் நீக்கப்படுவதில்லை. ஆகவே மாற்றம் தவிர்க்க இயலாதது. காலத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

ஒரு படிப்பினை

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி தன் வாடிக்கையாளர் கணக்குகளை ஒரு வார இறுதியில் புதிய கணினி அமைப்பிற்கு மாற்றியது. பதிவுகள் சரியாகவே வந்து சேர்ந்தன. ஆயினும் புதிய அமைப்பு உடனே தடுமாறியது. 52 இலட்சம் வாடிக்கையாளருள் கணிசமான பகுதியினர் இன்னலுற்றனர். நிலைமை முற்றிலும் சீராவதற்கு டிசம்பர் மாதமாயிற்று. 2022 டிசம்பரில் அவ்வங்கிக்கு 4,86,50,000 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. இரண்டு தரவு மையங்களைக் கொண்ட அவ்வமைப்பில், பளுவைத் தாங்கும் திறன் ஒரு மையத்தில் மட்டுமே சோதிக்கப்பட்டது என்பதை 2019இல் வெளியான விசாரணை அறிக்கை எடுத்துக்காட்டியது. பதிவுகள் இடம் மாறிவிட்டதனால் மட்டும் வேலை முடிந்ததாகாது என்பது இதனால் புலனாகும்.

முதற்படி: கணக்கெடுப்பு

தரவுத்தளத்தை நாடும் நிரல்கள், அச்சாகும் அறிக்கைகள், கிளைக் காரியாலயங்கள், இரவில் தாமே நடைபெறும் வேலைகள் ஆகிய அனைத்தையும் பட்டியலிடுதல் வேண்டும். ஆண்டுக்கொரு முறை மட்டும் பயன்படும் அறிக்கை எளிதில் விடுபட்டுப்போகும். இதில் களப்பணியாளரின் உதவி இன்றியமையாதது. எந்தப் படிவம் எப்போது தேவைப்படும் என்பதை அறிந்தவர் அவரே.

பின்னர், பழைய பதிப்புக்கும் புதியதற்கும் இடைப்பட்ட எல்லாப் பதிப்புகளின் வெளியீட்டுக் குறிப்புகளையும் படித்தல் வேண்டும். சான்றாக, 2021இல் வந்த 14ஆம் பதிப்பில் புதிய கடவுச்சொற்களைக் காக்கும் முறை மாறியது; பழைய நிரல்கள் சில அம்முறையை அறியா. 2022இல் வந்த 15ஆம் பதிப்பில், பொதுப் பகுதியில் எவரும் அட்டவணை உருவாக்கலாம் என்றிருந்த உரிமை புதிய தரவுத்தளங்களில் நீக்கப்பட்டது.

இரண்டாம் படி: திரும்பும் வழி

எல்லா முன்னேற்பாடுகளிலும் தலையாயது, பழைய நிலைக்குத் திரும்பும் வழியை உறுதி செய்வதேயாகும். காப்புப் பிரதி எடுத்துவிட்டோம் என்பது போதாது. அதனை வேறொரு கணினியில் மீட்டு, பேரேட்டுத் தொகைகள் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்த பின்னரே அது காப்பு எனத் தகும். மீட்பதற்கு ஆகும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

போஸ்ட்கிரெஸில் பழைய கோப்புகளைப் படியெடுக்காமல் இரு பதிப்புகளும் அவற்றையே பகிர்ந்துகொள்ளும் இணைப்பு முறை ஒன்றுண்டு. இது மிக விரைவானது. ஆனால் புதிய பதிப்பை ஒருமுறை இயக்கிவிட்டால் பழையதற்குப் பாதுகாப்பாகத் திரும்ப இயலாது. காப்புப் பிரதியே அப்போது துணை.

மூன்றாம் படி: ஒத்திகை

உண்மைப் பதிவுகளின் பிரதியைக் கொண்டு, தனிக் கணினியில் முழு மாற்றத்தையும் செய்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஆகும் நேரத்தை எழுதி வைக்க வேண்டும். வழக்கமாகப் பணிபுரியும் அத்தனை பேரும் ஒரே வேளையில் பயன்படுத்தினால் உண்டாகும் பளுவையும் அதன்மேல் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

மென்பொருளோடு இயங்குதளத்தையும் ஒருங்கே மாற்றுவோர் மேலும் எச்சரிக்கையாயிருத்தல் நலம். 2018இல் லினக்ஸ் இயங்குதளத்தின் அடிப்படை நூலகமாகிய ஜிலிப்சியின் 2.28ஆம் பதிப்பில் அகரவரிசை விதிகள் மாறின. முன்னர் பல மொழி அமைப்புகளில் "11" முன்னும் "1-1" பின்னுமாக நின்றன. இப்போது "1-1" முன்னே வருகிறது. பழைய வரிசையில் கட்டிய சுட்டியைப் புதிய விதிப்படி தேடினால், இருக்கும் பதிவையே இல்லையென்று மென்பொருள் கூறக்கூடும். கோப்புகளை அப்படியே கொண்டுசெல்லும் முறையைப் பின்பற்றுவோர், இத்தகைய சுட்டிகளை மீளக் கட்டுதல் வேண்டும்.

நான்காம் படி: நாளும் முடிவு நேரமும்

மார்ச் இறுதியும், மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்வோர்க்குரிய 11, 20ஆம் தேதிகளை ஒட்டிய நாட்களும் தவிர்க்கத்தக்கவை. சனி இரவு 8 மணி முதல் திங்கள் காலை 8 மணி வரை 36 மணி நேரம் கிடைக்கிறது எனக் கொள்வோம். திரும்புவதற்கு 6 மணி நேரம் ஆகுமாயின், திங்கள் அதிகாலை 2 மணியே கடைசி எல்லை. தடங்கல்களுக்கும் இடம்விட்டு, ஞாயிறு இரவு 8 மணியை முடிவு நேரமாக முன்கூட்டியே எழுத்தில் குறிப்பிட வேண்டும். அந்நேரத்தில் சோதனைகள் முடிந்திராவிடில் திரும்புதலே முறை. களைப்புற்றவர்கள் நள்ளிரவில் கூடி முடிவெடுக்கும் நிலை ஏற்படலாகாது.

மாற்றத்திற்குப் பின்

பதிவு எண்ணிக்கை, இருப்புத் தொகை, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றை முன்னர் எடுத்த குறிப்புகளுடன் ஒப்பிடுக. தேடும் வழியைத் தீர்மானிக்க மென்பொருள் கொள்ளும் புள்ளிவிவரங்கள், 2025இல் வந்த 18ஆம் பதிப்பிற்கு முன்னர் மாற்றத்தின்போது உடன் வருவதில்லை. அவற்றைப் புதிதாகத் திரட்டாவிடில் வேலை மந்தமாகும். முதல் சில நாட்களின் பற்றுவரவுகளைக் களப்பணியாளர் காகிதத்திலும் குறித்து வைத்தல் நன்று. பழைய பிரதிக்குத் திரும்ப நேரிட்டால், இடையில் பதிந்தவற்றை மீண்டும் பதிய அக்குறிப்பே உதவும்.

ஆசிரியர்களுக்கு: வகுப்புப் பயிற்சி

நான்கு அட்டைகளில் 11, 1-1, 12, 1-2 எனப் பில் எண்களை எழுதி, இவ்வரிசையிலேயே அடுக்குக. இது சிறு கோட்டைப் பொருட்படுத்தாத பழைய விதி. சிறு கோடு இலக்கங்களுக்கு முன் வரும் என்பது புதிய விதி. அதன்படி 1-2ஐத் தேடுமாறு ஒரு மாணவரிடம் கூறுக. இரண்டாம் அட்டையாகிய 1-1ஐப் பார்த்ததும், தேடுவது அதற்கு வலப்புறம் உள்ளது என்பார். அடுத்து 12ஐப் பார்த்ததும், தேடுவது அதற்கு முன்னதாக இருத்தல் வேண்டும் என்பார். இடையில் அட்டை ஏதுமில்லை; ஆகவே 1-2 இல்லையென்று முடிவு செய்வார். அது கடைசியில் கிடக்கிறது! இனி அவர் புதிய அட்டை எழுதிச் சேர்த்தால், ஒரே பில் இருமுறை பதிவாகும். இப்பிழையை எந்தப் படியில், எவ்வாறு கண்டுபிடித்திருக்கலாம் என்று மாணவரையே வினவுக.