அப்புறம் பார்த்துக்கலாம்...



குழுச் சேமிப்பை ஒரு வாரம்கூடத் தவறாமல் கட்டுகிற நாம், வீட்டுக் காரியம் சிலதை மட்டும் தள்ளிக்கொண்டே போகிறோம். இந்த மாதம் ஒன்றே ஒன்றைப் பார்ப்போம். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைச் சேர்ப்பது.

நம்ம பக்கம் பிள்ளை பிறந்த உடனே பெயர் வைப்பது குறைவு. ஜாதகம் பார்க்கணும், மாமியார் ஒரு பெயர் சொல்வார், தாய்மாமன் இன்னொன்று சொல்வார். பிறப்பு பதிவாகும்போது பெயர் இடம் காலியாகவே இருக்கும். இதில் தப்பில்லை. பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு, 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

இந்த 15 வருடம்தான் நம்மை ஏமாற்றுகிறது! "இன்னும் நாள் இருக்கே" என்று பீரோவில் வைத்துவிடுகிறோம். அதற்குள் பால்வாடியில் ஒரு பெயர், ஆதாரில் வேறு இனிஷியல் என்று ஆகிவிடும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, பள்ளிச் சேர்க்கையிலிருந்து அரசு வேலை வரைக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். ஆக, இப்போது கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்கணும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். சிறுசேரி சிப்காட்டில் ஹவுஸ்கீப்பிங் போகிற பெண்ணுக்கு ஒரு நாள் லீவு என்றால் சம்பளம் போச்சு. பிரசவம் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் பெயர் சேர்க்கவும், பிறப்பு பதிவான அந்த இடத்துக்குத்தான் போகணும். என்ன காகிதம் கேட்பார்களோ, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு. பயம் இருக்கிற வேலையைத்தான் மனசு முதலில் தள்ளும். பெரிய வேலையாகத் தெரிவதால் தள்ளுகிறோம், தள்ளத் தள்ள அது இன்னும் பெரிதாகிறது.

அதனால் வேலையைத் துண்டு போடுங்கள். இன்றைக்கு ராத்திரி வீட்டில் பேசிப் பெயர், இனிஷியல், எழுத்து எல்லாவற்றையும் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு தாளில் எழுதுங்கள், அது போதும். (ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது லேசில்லை.) நாளைக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு வையுங்கள். போகிற தேதியைக் கூட்டத்தில் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கடன் தவணைத் தேதியை நாம் மறப்பதில்லையே, ஏன்? பத்துப் பேருக்கு முன்னால் சொன்ன தேதி அது. ஒரே ஆஸ்பத்திரியில் பிரசவமான இரண்டு பேர் சேர்ந்து போனால் பயமும் பாதியாகும்.

இறப்புப் பதிவும் இப்படித்தான். வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் தெரிவிக்கணும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் அதிகாரமுள்ள அதிகாரியின் உத்தரவு வாங்கணும். துக்க வீட்டில் அந்தப் பெண்ணுக்கு இது ஞாபகம் இருக்காது, பக்கத்து வீட்டு உறுப்பினர்தான் சொல்லணும். விதவை உதவித்தொகை, வாரிசுச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் அந்தச் சான்றிதழைக் கேட்கும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து வாருங்கள். பெயர் இடம் காலியாக இருக்கிறவர்களுக்கு அங்கேயே தேதி குறிப்போம்.