மாதவிலக்கு தடுமாறும் வயதில்

45 வயதை ஒட்டி மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்புதான். ஆனால் 8 நாளுக்கு மேல் நீடித்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, இடையிடையே உதிரம் பட்டாலோ "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடாதீர்கள்.

ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்களுக்கு, நிற்காத உதிரம் மாதவிலக்கல்ல, ரத்த நாளத்திலிருந்து வருவது என நபி (ஸல்) அவர்கள் விளக்கியது புகாரியில் உள்ளது. மாதவிலக்கின் உச்ச எல்லை ஹனஃபியில் 10 நாள், ஷாஃபியீயில் 15 நாள். இது தொழுகைக்கான கணக்கு. டாக்டரிடம் போக அதுவரை காத்திருக்க வேண்டாம்.

விலக்கு நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே காட்டுங்கள். சிலருக்கு அது கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் பிரிவு உண்டு. ஸ்கேனும், தேவைப்பட்டால் கர்ப்பப்பை உள்சவ்வுச் சோதனையும் சொல்வார்கள். ரத்தசோகை இருக்கிறதா என்றும் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் மகளையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு போங்கள்.