சாவி கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு!

"அண்ணா, வண்டி சாவி குடுங்கண்ணா. டீ குடிச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

ஹாஸ்டல்ல ஃபர்ஸ்ட் இயர் தம்பி இப்படிக் கேட்டா, நாம யோசிக்காம சாவியைத் தூக்கிப் போடுவோம். அவனுக்கு 18 முடிஞ்சுதான்னு கேட்க மாட்டோம். முதலாம் ஆண்டு சேரும்போது பலருக்கு வயசு 17தான். சட்டத்தின் பார்வையில் அவன் இன்னும் சிறார்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 4-ன்படி, பொது இடத்தில் வண்டி ஓட்ட 18 வயது முடிந்திருக்க வேண்டும். "16 வயசுலயே ஸ்கூட்டர் லைசென்ஸ் தர்றாங்களே?" தர்றாங்க. ஆனா 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். இன்னைக்கு ரோட்ல ஓடுற பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. அதுக்கு அந்த லைசென்ஸ் செல்லாது.

2019-ல் சேர்க்கப்பட்ட பிரிவு 199ஏ இன்னும் கடுமையானது. சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால்:

1. காப்பாளர் அல்லது வண்டி உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.
2. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து.
3. ஓட்டிய சிறாருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

இதுல "அல்லது உரிமையாளர்" என்பதைக் கவனிங்க. ஆர்.சி. உங்க பேர்ல இருந்தா, மாட்டப்போறது நீங்க. அப்பா பேர்ல இருந்தா, ஊர்ல இருக்கிற அப்பா! "எனக்குத் தெரியாது"ன்னு சொன்னா மட்டும் போதாது. தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க உரிய கவனம் எடுத்தேன் என்று அவர்தான் நிரூபிக்கணும்.

விபத்து நடந்துட்டா?

2024 மே 19, புனே. 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் ஐடி பொறியாளர்கள் இறந்துபோனாங்க. சிறார் நீதி வாரியம் முதலில் 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தது; நாடே கொந்தளித்தது. சில நாட்களில் சிறுவனின் அப்பாவும் கைதானார். சிறாரைத் தண்டிப்பதை விடத் திருத்துவதுதான் சிறார் நீதிச் சட்டத்தின் நோக்கம். ஆனா சாவி கொடுத்த பெரியவங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

அதனால நண்பர்களே, 18 முடிஞ்சுதா, லைசென்ஸ் இருக்கா? ரெண்டையும் கேட்டுட்டு சாவி குடுங்க. இல்லன்னா தம்பியைப் பின்னாடி உட்கார வெச்சு, ஆளுக்கொரு ஹெல்மெட்டோட நீங்களே கூட்டிட்டுப் போங்க. உங்களுக்கும் ஒரு டீ கிடைச்ச மாதிரி ஆச்சு!