அசையாத பொருளின் ஆற்றலைக் கணக்கிடும் முறை

ஓய்வில் இருக்கும் பொருளுக்கு இயக்க ஆற்றல் கிடையாது. ஆனால் அதன் உயரம், வளைவு, சூடு, வேதிப் பிணைப்பு என எதிலாவது ஆற்றல் தேங்கியிருக்கும். கணக்கைத் தொடங்கும் முன், எந்த நிலையைச் சுழி என்று கொள்வது என முடிவு செய்ய வேண்டும். இதைச் சொல்லாமல் தரும் விடைக்குப் பொருளில்லை.

உயரத்தால் வரும் ஆற்றலுக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நல்ல எடுத்துக்காட்டு. தொட்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உள்ளே 1 மீட்டர் ஆழத்துக்கு 1000 லிட்டர் நீர் நிற்கிறது எனக் கொள்வோம். தரையே சுழி. நீரின் நிறை 1000 கிலோ. உயரத்தை நீர்மட்டம் வரை அளப்பது பலரும் செய்யும் பிழை. நீரின் நடுப்பகுதி வரை, அதாவது 6.5 மீட்டர்தான் எடுக்க வேண்டும். நிறை, ஈர்ப்பு முடுக்கம் (9.8), உயரம் மூன்றையும் பெருக்கினால் 63,700 ஜூல். பாதி நீர் செலவானால் நடுப்பகுதியும் 6.25 மீட்டருக்கு இறங்கிவிடும். மீதி 30,625 ஜூல், பாதிக்கும் சற்றுக் குறைவு. ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல் என்பதை நினைத்தால், நிரம்பிய தொட்டியில் இருப்பது மிகக் கொஞ்சமே.

அடுத்தது சுருள்வில். அதில் 1 கிலோ எடையைத் தொங்கவிட்டு நீட்சியை அளக்க வேண்டும். 2 சென்டிமீட்டர் நீண்டால், 9.8-ஐ 0.02-ஆல் வகுக்க, சுருள்வில் மாறிலி மீட்டருக்கு 490 நியூட்டன். மாறிலியை நீட்சியின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஆற்றல் கிடைக்கும். 10 சென்டிமீட்டர் இழுத்துப் பிடித்தால் 2.45 ஜூல், இருமடங்கு இழுத்தால் நான்கு மடங்கு. மீள முடியாத அளவுக்கு இழுத்துவிட்டால் இந்தச் சூத்திரம் செல்லாது.

வெப்பத்துக்கு நிறை, தன்வெப்பம், வெப்பநிலை வேறுபாடு மூன்றையும் பெருக்கினால் போதும். 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு வந்த ஒரு லிட்டர் நீர் பெற்றது ஏறத்தாழ 2.93 லட்சம் ஜூல். மேலே சொன்ன தொட்டியைப் போல நான்கு மடங்குக்கும் மேல்!

எரிபொருளுக்கு எடையை அதன் கலோரி மதிப்பால் பெருக்க வேண்டும். சமையல் எரிவாயுவுக்கு அது கிலோவுக்குச் சுமார் 4.6 கோடி ஜூல். 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட்டுக்கு நிகரான ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஆக்சிஜன் சேர்ந்தால்தான் அது வெளிப்படும் என்பதால், வாயுவும் காற்றும் சேர்ந்த அமைப்பின் ஆற்றல் என்பதே சரி.

கடைசியாக நிறை. ஐன்ஸ்டைன் 1905-இல் காட்டியபடி, நிறையை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஒரு கிராமுக்கு 2.5 கோடி யூனிட் வரும். இதில் எடுக்கக்கூடியது சிறு பகுதியே: யுரேனியம் பிளவுபடும்போது அதன் நிறையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே ஆற்றலாக வெளிவருகிறது.