சிறுவர்களுக்கு ஓதிக் கொடுக்கும் நம் பிள்ளைகள்

 

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் நம் மஹல்லாக்களில் கோடைக்கால தீனிய்யாத் வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. அலிஃப், பா படிக்கும் சிறுவர்கள் ஒரு பக்கம், அம்ம ஜுஸ்வு ஓதும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். ஒரே ஹஜ்ரத்தோ ஆலிமாவோ அத்தனை பேரையும் தனித்தனியே ஓத வைத்துக் கேட்பது கடினம். அதனால் பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் எழுதி முடித்த பிள்ளைகளை உதவிக்கு அழைக்கிறார்கள். சிறுவர்களுக்கு ஓதிக் கொடுக்க வரும் அந்தப் பிள்ளைகளும் அங்கே ஒரு பாடம் படிக்கிறார்கள்.

அனஸ் (ரலி) கற்ற பாடம்

அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள் ஏறத்தாழ 10 வயதில் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்ய வந்தார்கள். 10 ஆண்டுகள் உடனிருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒருமுறைகூட நபியவர்கள் தம்மைச் ‘சீ’ என்று சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கடிந்ததில்லை என அவர்களே அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

முஸ்லிமில் இன்னொரு செய்தியும் வருகிறது. நபியவர்கள் ஒரு வேலையாக அனுப்ப, வழியில் கடைத்தெருவில் விளையாடிய சிறுவர்களிடம் அனஸ் (ரலி) நின்றுவிட்டார்கள். பின்னால் வந்த நபியவர்கள் அவர்களின் பிடரியைப் பிடித்தார்கள். திரும்பிப் பார்த்தால் நபியவர்களின் முகத்தில் சிரிப்பு! ‘உனைஸ்’ என்று செல்லமாக அழைத்து, சொன்ன இடத்துக்குப் போனாயா என்றுதான் கேட்டார்கள்.

பெரியவரான பிறகு அனஸ் (ரலி) அவர்கள் சிறுவர்களைக் கடந்து செல்லும்போது தாமே முந்தி ஸலாம் சொல்வார்கள். நபியவர்கள் இப்படித்தான் செய்வார்கள் என்றும் கூறுவார்கள். சிறுவயதில் தமக்குக் கிடைத்த அன்பை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள்.

ஒரு மாணவியின் அனுபவம்

கோடை வகுப்பு ஒன்றில் பிளஸ் ஒன் முடித்த மாணவி ஒருவரிடம் ஆறு சிறுவர்களை ஒப்படைத்தார் ஆலிமா. அதில் 7 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஸா, ஸீன், ஸாத் மூன்றும் ஒன்றாகவே வந்தன. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் வயிற்றுவலி என்று வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தான்; வாயே திறக்கவில்லை.

“எத்தனை தடவை சொன்னாலும் அவனுக்கு ஏறவில்லை” என்று மாணவி ஆலிமாவிடம் போய் நின்றார். ஆலிமா கோபப்படவில்லை. “மூன்றையும் தமிழில் எழுதிக் காட்டும்மா” என்றார். எழுதிப் பார்த்தால் மூன்றுக்கும் ஒரே ‘ஸ’. தமிழில் எழுத்தே ஒன்றுதான் எனும்போது, குழந்தையின் காது எப்படிப் பிரித்துக் கேட்கும்?

மறுநாள் மாணவி ஒரு சிறிய கண்ணாடியுடன் வந்தார். ‘ஸா’வுக்கு நாக்கின் நுனி முன்பற்களுக்கு இடையில் தெரிய வேண்டும். ‘ஸீனு’க்கு நாக்கு பற்களுக்குப் பின்னால் நிற்க, ஓசை மெலிதாக வரும். ‘ஸாதி’ல் நாக்கின் பின்பகுதி மேலெழும்பி ஓசை கனக்கும். ஒவ்வொருவரும் கண்ணாடியில் தம் வாயைப் பார்த்துச் சொன்னார்கள். சிரித்த பிள்ளைகளில் பலருக்கும் சரியாக வரவில்லை! அந்தச் சிறுவன், “லாத்தா, நான் ஒரு தடவை” என்று கை நீட்டினான். ‘ஸா’ அன்றே வந்தது. ‘ஸாத்’ வர ஒரு வாரம் பிடித்தது.

அந்த ஒரு வாரம் பொறுத்திருக்க மாணவிக்கு முடிந்தது. ஆலிமா தம்மிடம் நடந்துகொண்ட விதத்தில் அவர் சிறுவனிடம் நடந்துகொண்டார். வீட்டில் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போதும் இப்போது கத்துவது குறைந்திருக்கிறது என்கிறார் அவருடைய உம்மா.

நாம் கவனிக்க வேண்டியவை

• உதவிக்கு வரும் பிள்ளையிடம் ஐந்தாறு சிறுவர்களுக்கு மேல் ஒப்படைக்க வேண்டாம். எப்போதும் பெரியவர்களின் பார்வையிலேயே வகுப்பு நடக்கட்டும்.

• அடிப்பது, பட்டப்பெயர் வைப்பது, மற்றவர்கள் முன் கேலி செய்வது கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

• உதவும் பிள்ளை தடுமாறினால் சிறுவர்கள் முன் கண்டிக்காமல் வகுப்பு முடிந்ததும் தனியே சொல்லிக் கொடுங்கள். அவர் சிறுவர்களைத் திருத்துவதும் அப்படியே அமையும்.

• பெற்றோர்களே, “இந்த வேலைக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்காதீர்கள். “இன்று யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய்?” என்று கேளுங்கள், உட்கார்ந்து கேளுங்கள்.

ஒரு சிறுவன் குர்ஆனை விரும்பி ஓதுவதும் வெட்கப்பட்டு ஒதுங்குவதும் சில நேரம் பக்கத்தில் இருப்பவரின் ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பக்குவமாகச் சொல்லும் பிள்ளைகளாக நம் பிள்ளைகளை அல்லாஹ் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.