நாற்பதுக்கு மேல் மெடிக்கல் கோடிங்: தங்கச்சிக்குச் சில டிப்ஸ்

"நாற்பத்தி மூணு வயசுல இதெல்லாம் மண்டையில ஏறுமாக்கா?" என்று கேட்கிறாய். ஏறும். ஆனால் காலேஜில் படித்த மாதிரி படித்தால் ஏறாது.

வயது வந்த பிறகும் மூளை மாறும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட, சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களும் மனப்பாடமாகத் தெரிய வேண்டும். படித்து முடிக்க மூன்று, நான்கு வருடம் ஆகும். அப்படிப் பயிற்சிக்கு வந்த 79 பேரை எலினோர் மகுவயர், கேத்தரின் வூலெட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்து, 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். தேறிய 39 பேருக்கு, மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு வளரவில்லை. அவர்கள் வாராவாரம் படித்த நேரமும் மிகக் குறைவு. ஜெர்மனியில் அறுபது வயதுக்காரர்கள் மூன்று மாதம் பந்து தூக்கிப் போட்டுப் பிடிக்கப் பழகியபோதும் மூளை மாறியது. பழகுவதை நிறுத்தியதும் அந்த மாற்றம் குறைந்துவிட்டது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து மணி நேரம் உட்காராதே. தினமும் ஒரு மணி நேரம் போதும், விடாமல் படி.

முக்கியமானது இதுதான்: நோட்ஸைத் திரும்பத் திரும்ப வாசிக்காதே, மூடி வைத்துவிட்டு யோசி. டைப் 2 சர்க்கரை, சிக்கல் எதுவும் இல்லையென்றால் கோடு இ11.9. அதே நோயாளிக்கு நாள்பட்ட சிறுநீரகப் பாதிப்பும் இருந்தால்? முதலில் நீயே பதில் எழுது, பிறகு புத்தகத்தைத் திற. இ11.22, கூடவே எந்த ஸ்டேஜ் என்று காட்ட என்18 வரிசையில் ஒன்று. தப்பானால் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதி வை. அதையே மறுநாளும், மூன்று நாள் கழித்தும், வாரம் கழித்தும் போட்டுப் பார். மறந்ததைத் தேடிப் பிடிக்கும் அந்தச் சிரமத்தில்தான் பாடம் ஊறும்.

வயது ஏற ஏற வேகம் கொஞ்சம் குறையும், உண்மைதான். மெடிக்கல் கோடர் சான்றிதழுக்கான சிபிசி தேர்வில் 4 மணி நேரத்தில் 100 கேள்வி. புத்தகம் பார்த்தே எழுதலாம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். கை பக்கத்தைத் தேடி அலையக் கூடாது, அவ்வளவுதான். பாகம் பாகமாக டேப் ஒட்டி, 24 நிமிடத்துக்குப் பத்துக் கேள்வி என்று கடிகாரம் வைத்துப் பழகு. அப்பா, அம்மா ஆஸ்பத்திரி ஃபைலை வருடக்கணக்கில் தூக்கிச் சுமந்தவள் நீ. டிஸ்சார்ஜ் சம்மரி உனக்குப் புதிதில்லை. இருபது வயதுப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்காதே. படித்தது மூளையில் நிலைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ராத்திரிச் சமையலை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும், கூச்சப்படாமல் கேள்.

ஃபீஸ் கட்டும் முன், போன பேட்சில் நாற்பது தாண்டிப் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று இன்ஸ்டிட்யூட்டில் கேள். இரண்டு பேரிடமாவது நேரில் பேசிவிட்டுப் பணத்தைக் கட்டு.